பழைய குட்டி விமானம்: மலிவானதை வாங்கித் தேற்றுவதா, தேற்றி வைத்ததை வாங்குவதா?

இரண்டு விமானங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒரே மாடல், இரண்டுமே 1970களில் செய்த 4 இருக்கை விமானங்கள். முதலாவது மலிவு. பெயின்ட் மங்கியிருக்கிறது, ரேடியோக்கள் பழையவை, இன்ஜினை ஓவர்ஹால் செய்து (முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டி) 20 வருடம் ஆகிறது, ஆனால் அதற்கப்புறம் அது ஓடியது 400 மணி நேரம்தான். இரண்டாவதன் விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதன் இன்ஜின் 6 வருடத்தில் 1,100 மணி நேரம் ஓடியிருக்கிறது. புது ஜிபிஎஸ், புது டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), ஆட்டோபைலட் எல்லாவற்றையும் இப்போதைய உரிமையாளரே போட்டுவிட்டார். முதல் தடவை வாங்குகிறவர்களின் கண் பெரும்பாலும் முதலாவதன் மேல்தான் போகும். இன்ஜின் அதிகம் ஓடவே இல்லையே, மிச்சமாகும் பணத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் இரண்டு நண்பர்களும் அப்படி நினைத்துத்தான் ஒன்றைக் கூட்டாக வாங்கினோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதை வாங்குங்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், ஏன் எல்லோரும் பழைய விமானத்தையே பார்க்கிறோம் என்பது. செஸ்னா 172 1956-இல் வந்தது, 1986-இல் தயாரிப்பு நின்றது, 1996-இல்தான் மறுபடி தொடங்கியது. பைப்பர் செரோக்கியும் 1960களின் தொடக்கத்தில் வந்ததுதான். அந்த முப்பது வருடத்தில் செய்து குவித்தவைதான் இன்றைக்கும் சந்தையில் கையில் அகப்படுபவை. புதிது வாங்குவதென்றால் விலை பல மடங்கு. ஆக 40, 50 வயது விமானம் என்பது இந்த உலகத்தில் சாதாரணம், வயதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அந்த 50 வருடத்தில் அதை யார், எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

செலவைக் கணக்குப் போடும்போது இரண்டு கூடைகள் வைத்துக்கொள்ளுங்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது ஒன்று: நிறுத்துமிடம், இன்சூரன்ஸ், ஆண்டுப் பரிசோதனை. பறந்தால் வருவது இன்னொன்று: பெட்ரோல், ஆயில், இன்ஜின் ஓவர்ஹாலுக்கு ஒதுக்கும் தொகை. முதல் கூடை வருடத்துக்கு 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், 40 மணி நேரம் பறக்கிறவருக்கு அதில் மட்டுமே ஒரு மணிக்கு 2.5 பங்கு விழுகிறது. 125 மணி நேரம் பறக்கிறவருக்கு 0.8. வருடத்துக்கு 50 மணி நேரம்கூடப் பறக்கமாட்டீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதோ மூன்று நான்கு பேர் கூட்டாக வாங்குவதோதான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது பறந்துகொண்டே இருப்பார், இன்ஜின் சும்மா நிற்காது.

அந்தச் சும்மா நிற்பதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய செலவு. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் குட்டி விமானங்கள் பலவற்றில் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் இன்ஜின். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்லி நிறுவனம் பரிந்துரைக்கிறது. சொந்தத்துக்குப் பறப்பவர்களை இந்த அளவு பல நாடுகளில் சட்டப்படி கட்டுப்படுத்தாது, நிலைமை நன்றாக இருந்தால் தாண்டியும் ஓட்டலாம். அதனால் விற்பவர்கள் மணிக்கணக்கை மட்டும் பெரிதாகப் போட்டு, வருடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த 12 வருடத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (ப்ரொபெல்லரைச் சுழற்றும் தண்டு) மேலே உட்கார்ந்திருக்கிறது. சில வாரம் நின்றால் ஆயில் வடிந்து கீழே போய்விடும், மேலே இருக்கும் கேமும் (அந்தத் தண்டின் மேடுகள்) அது தள்ளும் டாப்பெட்டும் காற்றின் ஈரத்துக்கு வெறும் உடம்போடு நிற்கும். துருப்பிடித்த புள்ளிகள் விழும். அப்புறம் ஸ்டார்ட் செய்யும்போது அந்தப் புள்ளிகள் தேய்ந்து செதில் செதிலாக உதிரத் தொடங்கும். வாரம் ஒரு தடவை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி வைக்கிறேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள், அது இன்னும் மோசம். எரிப்பில் உண்டாகும் தண்ணீர் ஆயிலில் சேரும், அதை ஆவியாக்கி வெளியேற்றும் அளவுக்கு ஆயில் சூடாகாது.

எங்கள் விமானத்தில் நடந்தது இதுதான். வாங்கும்போது கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக இருந்தது, சிலிண்டருக்குள் 80 அளவு காற்றழுத்தம் கொடுத்தால் 76, 77 நின்றது, எல்லா சிலிண்டரிலும். சந்தோஷமாக வாங்கிவிட்டோம். கம்ப்ரஷன் டெஸ்ட் பிஸ்டன் ரிங்கையும் வால்வையும்தான் காட்டும், கேம்ஷாஃப்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது ஆயில் மாற்றத்தில் மெக்கானிக் ஃபில்டரை வெட்டினார். அதற்கென்று ஒரு கட்டர் உண்டு, டப்பா மூடியைச் சுற்றி வெட்டுவது போல வெட்டி, உள்ளே விசிறி போல மடித்து வைத்த காகிதத்தை உருவி எடுத்து, நீளமாக விரித்து வெயிலில் பிடித்தார். கறுப்பு ஆயிலுக்கு நடுவே மினுமினு என்று ஊசிமுனை அளவில் துகள்கள். ஒரு காந்தத்தைக் காகிதத்தின் அடியில் நகர்த்தினார், துகள்களும் கூடவே நகர்ந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் பேசவில்லை. காந்தத்துக்கு ஒட்டாவிட்டால் அலுமினியம், பிஸ்டன் பின் மூடியாக இருக்கலாம், அது வேறு கதை. ஒட்டினால் எஃகு. எஃகு என்றால் கேமும் டாப்பெட்டும்தான் முதல் சந்தேகம். கேம்ஷாஃப்டை மாற்ற இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும், அவ்வளவு தூரம் பிரித்த பிறகு முழு ஓவர்ஹால் செய்யாமல் மூடுவதில் அர்த்தமில்லை. பழைய 4 இருக்கை விமானம் ஒன்றில் ஓவர்ஹால் செலவு என்பது விமானம் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ ஆகிவிடலாம். மலிவு விமானமும் விலை அதிகமான விமானமும் ஒரே விலைக்கு வந்து நின்ற நாள் அது. அதுவும் பைலட்டின் முன்னால் இருக்கும் கருவிப் பலகையை, அதாவது பேனலை, தொடுவதற்கு முன்னாலேயே.

இப்போது முதல் விதிவிலக்கு. ஓவர்ஹால் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த அளவுக்கு விலையைக் குறைத்து விற்கிற விமானம் நல்ல பேரமாக இருக்கக்கூடும். 1,900 மணி நேரம் ஓடியது, இன்ஜினுக்கு மதிப்பே போடவில்லை என்று ஒருவர் சொன்னால், யாரிடம் ஓவர்ஹால் கொடுப்பது, புது சிலிண்டர் போடுவதா பழையதையே சரிசெய்வதா என்று எல்லாவற்றையும் நீங்களே தீர்மானிக்கலாம். 20 வருடத்துக்கு முந்தைய ஓவர்ஹாலை நம்பி 'பாதி ஆயுள் பாக்கி' என்ற விலையைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த இன்ஜின் என்பதும் பார்க்க வேண்டும். ஒரே செஸ்னா 172-இலேயே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். 1967 வரை வந்தவற்றில் கான்டினென்டல் நிறுவனத்தின் ஓ-300 இன்ஜின், 6 சிலிண்டர், ஓவர்ஹால் அளவு 1,800 மணி நேரம். மென்மையாக ஓடும், அதன் கேம்ஷாஃப்ட் கீழே இருப்பதால் மேலே சொன்ன துருப் பிரச்சினையும் குறைவு, ஆனால் 4 சிலிண்டருக்குப் பதில் 6 சிலிண்டருக்குச் செலவு செய்ய வேண்டும். 1968-இலிருந்து லைகமிங் ஓ-320 வந்தது, 4 சிலிண்டர், பாகங்கள் தாராளமாகக் கிடைப்பவை, எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கமானது. 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலில் ஓ-320-ஹெச்2ஏடி என்ற வகை. டாப்பெட், கேம் தேய்மானத்துக்குப் பெயர் வாங்கியது, இரண்டு மேக்னெட்டோவும் (தீப்பொறிக்கு மின்சாரம் தருபவை) ஒரே பெட்டிக்குள் ஒரே தண்டில் சுழலும். பிற்பாடு செய்த திருத்தங்களும் ஆயிலில் சேர்க்கும் கலவையும் நிலைமையை நன்றாகவே மாற்றிவிட்டன, அடிக்கடி பறக்கிற ஹெச்2ஏடி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வருடக்கணக்காக நின்ற ஹெச்2ஏடி என்றால் நான் பக்கத்தில் போகமாட்டேன்.

விமானத்தின் உடம்புக்கு வருவோம். இன்ஜினைக் கழற்றி மாற்றிவிடலாம், அரித்துப்போன இறக்கையை அப்படி மாற்ற முடியாது. பழைய விமானங்களில் பலவற்றுக்கு உள்பக்கம் அரிப்புத் தடுப்புப் பூச்சே இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் 50 வருடம் பறக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கடலோரத்தில் வெளியே நின்றதா, உலர்ந்த இடத்தில் கொட்டகைக்குள் நின்றதா என்பதில் உலகமே மாறிவிடும். அலுமினியம் அரித்தால் இரும்பு போலச் சிவப்பாகாது. வெள்ளைப் பொடியாக, ரிவெட்டைச் சுற்றி பெயின்ட் கொப்புளமாகத் தெரியும். இறக்கையின் அடிப்பக்கப் பரிசோதனை மூடிகளைக் கழற்றி, டார்ச்சும் கண்ணாடியும் வைத்து ஸ்பாரை (இறக்கையின் பாரம் தாங்கும் முக்கிய உத்தரத்தை) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதோடு ஏடி எனப்படும் கட்டாய உத்தரவுகள் சேரும். சில சின்னவை, சில பெரியவை. செஸ்னா இருக்கைத் தண்டவாளம் பற்றிய உத்தரவு 1987-இலிருந்து இருக்கிறது. தண்டவாளத்தில் பின் விழும் துளை தேய்ந்தால் மேலெழும்பும் நேரத்தில் இருக்கை பின்னால் சறுக்கிவிடும், பைலட்டின் கை கட்டுப்பாட்டுப் பிடியையும் இழுத்துக்கொண்டு பின்னால் போகும், மூக்கு வானத்தைப் பார்க்கும். உயிர் போயிருக்கிறது. இதைப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம், தண்டவாளம் மாற்றுவதும் தாங்கக்கூடியதே. பைப்பர் பக்கம், 2018 ஏப்ரலில் புளோரிடாவில் பிஏ-28 வகைப் (செரோக்கி குடும்பம்) பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே கழன்று இருவர் இறந்தார்கள். ஸ்பாரின் போல்ட் துளையில் உலோகக் களைப்பால் வந்த விரிசல். அதைத் தொடர்ந்து அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ கொடுத்த உத்தரவின்படி, விமானம் எந்தமாதிரி வேலையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கிட்டு, அளவு தாண்டியவற்றில் எடி கரன்ட் சோதனை (மின்காந்தத்தால் விரிசல் தேடுவது) செய்ய வேண்டும். இங்கேதான் லாக்புக், அதாவது விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவேடு, பணமாக மாறுகிறது. பதிவு விட்டுப்போயிருந்தால் அந்தக் கணக்கை உங்களால் போட முடியாது, தேவையில்லாத சோதனைக்கும் பணம் கட்டுவீர்கள். லாக்புக் தொலைந்த விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்து பேனல். மலிவானதை வாங்கித் தேற்றுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான். கருவியின் விலையை மட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். கூலி பல சமயம் கருவிக்குச் சமமாக வந்து நிற்கும். 40 வருடப் பழைய பேனலைத் திறந்தால் நான்கு தலைமுறை ஒயர்கள் பின்னிக்கிடக்கும், எது எதற்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, புதிதாக ஒன்று போடப் போனால் பழையதை எல்லாம் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இந்த வருடம் ஜிபிஎஸ், அடுத்த வருடம் டிரான்ஸ்பாண்டர், அதற்கடுத்த வருடம் ஆட்டோபைலட் என்று பிரித்துச் செய்தால் ஒவ்வொரு தடவையும் பேனலைத் திறந்து மூடும் கூலியை மறுபடி மறுபடி கொடுப்பீர்கள். செய்வதானால் ஒரே தடவையில் செய்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று பேசுமா என்பதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

விற்கும்போது அந்தப் பணத்தில் பாதி திரும்பி வந்தாலே அதிகம். இது விற்பவருக்கு நஷ்டம், வாங்குகிறவருக்கு லாபம். ஒன்றரை மடங்கு விலை சொல்கிற அந்த இரண்டாவது விமானத்தை நான் இவ்வளவு ஆதரிப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே. வேறொருவர் முழுப் பணம் கட்டிப் போட்ட கருவிகளை நீங்கள் பாதி விலைக்கு வாங்குகிறீர்கள், போட்டபோது வந்த சின்னச் சின்னக் கோளாறுகளையும் அவரே அனுபவித்துத் தீர்த்துவிட்டார்.

எவை கட்டாயம், எவை ஆசை என்று பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், டிரான்ஸ்பாண்டர் தேவைப்படும் வான்வெளியில் பெரும்பாலும் ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) கட்டாயம். ஐரோப்பாவில் 2018-இலிருந்து 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அலைவரிசை பிரிக்கும் ரேடியோ. இப்படி எங்கே பறக்கிறோமோ அங்கே கட்டாயமானது இல்லாத விமானத்தின் விலையிலிருந்து அந்த முழுத் தொகையையும் கழித்துப் பேசுங்கள். விபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் அவசரகால ஒலிபரப்பி 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால், 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதே இல்லை. 406 மெகாஹெர்ட்ஸ் வகை ஒன்று போட்டுவிடுவது நல்லது, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் ஆசை என்று சொல்லாத இன்னொன்று, வேக்யூம் பம்பில் (காற்றை உறிஞ்சும் பம்பு) ஓடும் கைரோக்களை (விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் சுழல் கருவிகள்) மாற்றுவது. உலர் வகைப் பம்பின் கார்பன் தகடுகள் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும், மேகத்துக்குள் இருக்கும்போது செயற்கை அடிவானம் மெல்லச் சாயத் தொடங்கினால் எது உண்மை என்று புரியச் சில வினாடி ஆகும், அந்தச் சில வினாடிதான் ஆபத்து. 2016-க்குப் பிறகு கார்மின் ஜி5 போன்ற மின்னணுக் கருவிகளைப் அரசுச் சான்றிதழோடு தொழிற்சாலையில் செய்த பழைய விமானங்களிலும் போட வழி வந்துவிட்டது. எங்கள் பணத்தில் நான் ஒரு தடவைகூட வருத்தப்படாத செலவு அது. பெரிய வண்ணத் திரை, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் பேனல், இவையெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பகல் நேரத்தில் தெளிந்த வானத்தில் பறப்பவருக்கு ஒரு டேப்லெட்டும் ஒரு நல்ல ரேடியோவும் போதும்.

வேகம் வேண்டும் என்று சக்கரம் மடங்கும் விமானம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கும் விலையில் சில சமயம் நிலைச்சக்கர விமானத்துக்கு அருகிலேயே இருக்கும், அதுதான் கண்ணி. ஒவ்வொரு ஆண்டுப் பரிசோதனையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மடக்கிப் பார்க்க வேண்டும், கோணம் மாறும் ப்ரொபெல்லருக்கு அதற்கென்று ஓவர்ஹால், இன்சூரன்ஸ் கூடுதல். இதில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சொந்த வியாதி வேறு. மூனி விமானத்தில் இறக்கையே பெட்ரோல் தொட்டி, உள்ளே பூசிய சீல் காய்ந்து கசிய ஆரம்பித்தால் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச நாட்கணக்கில் ஆகும். பீச்கிராஃப்ட் பொனான்சாவின் வி வடிவ வாலில் அசையும் பாகங்களின் தோல் மெக்னீசியம், அரித்துவிட்டால் அந்தத் தகடு கிடைப்பதே பாடு. அதிகம் விற்காத மாடல், தயாரித்த நிறுவனமே இல்லாத மாடல் என்றால் ஒரு கதவுக் கைப்பிடிக்காக மாதக்கணக்கில் விமானம் தரையில் நிற்கும். அதிகம் விற்ற மாடலை வாங்குவதில் அழகு குறைவாக இருக்கலாம், ஆனால் பாகம் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

இரண்டாவது விதிவிலக்கு, வீட்டிலேயே கட்டிய விமானம். பாகங்களாக வாங்கிக் கட்டும் வான்ஸ் ஆர்வி வரிசை விமானங்களில் 10,000-க்கும் மேல் பறந்திருக்கின்றன. சான்றிதழ் பெற்ற பாகமே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கருவிகளும் வேலையும் கணிசமாகக் குறைந்த செலவில் முடியும். சொந்தக் கையால் வேலை செய்ய விருப்பம் இருக்கிறவருக்கு, இரண்டு பேர் மட்டும் பறப்பதென்றால், பழைய சான்றிதழ் விமானத்தைவிட இதுவே நல்லது. ஆனால் அமெரிக்க விதிப்படி வருடாந்தரச் சோதனையில் தானே கையெழுத்துப் போடும் உரிமம் கட்டியவருக்குக் கிடைக்கும், அவரிடமிருந்து வாங்கியவருக்கு அது தானாக வந்துவிடாது. அப்புறம், கட்டியவரின் கைத்திறனைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள், அதைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் வாங்கும் முன் பரிசோதனைக்கு விற்பவரின் மெக்கானிக்கைப் பயன்படுத்தாதீர்கள், அவர் நல்லவராக இருந்தாலும் சரி. அந்த மாடலில் பழக்கமுள்ள வேறொருவரை வரச்சொல்லி, கம்ப்ரஷனோடு போரோஸ்கோப் (குழாய் போன்ற சின்னக் கேமரா) விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் நடுவிலிருந்து சீரான வளையமாகப் பரவியிருந்தால் நல்லது, ஒரு ஓரத்தில் மட்டும் வேறு நிறமாக ஒதுங்கியிருந்தால் அந்த வால்வு எரியத் தொடங்கிவிட்டது. வருடக்கணக்காக நின்ற லைகமிங் என்றால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேம்ஷாஃப்டை நேரில் பார்க்கக் கேளுங்கள், செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். எங்களுக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் இரண்டு வருடச் சேமிப்பு மிஞ்சியிருக்கும்.

வாங்கிய முதல் வருடம் வாங்கிய விலையில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் ஆண்டுப் பரிசோதனைதான் எப்போதும் கனமாக வரும், ஏனென்றால் புது மெக்கானிக் புதுக் கண்ணோடு பார்க்கிறார், பழையவர் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதெல்லாம் இவருக்குக் குறையாகத் தெரியும். ரப்பர் ஹோஸ்கள், டயர், பேட்டரி, 500 மணி நேரம் தாண்டிய மேக்னெட்டோ, இவற்றுக்குத்தான் முதல் பணம். ஆயிலை 50 மணி நேரம் அல்லது 4 மாதத்தில் மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். சீட் பெல்ட் பழையதென்றால் தோள்பட்டையையும் பிடிக்கிற வகைக்கு மாற்றுங்கள், எல்லாக் கருவிகளையும்விட இது முந்தி வர வேண்டியது. பேனல் வேலை ஒரு வருடம் பறந்த பிறகு போதும், அப்போதுதான் நமக்கு என்ன வேண்டும் என்றே தெரியும். பெயின்ட் கடைசி. நல்ல பெயின்ட் என்றால் பழையதை முழுக்க உரித்து, அரிப்பைச் சுத்தம் செய்து, அடித்த பிறகு அசையும் பாகங்களைக் கழற்றி எடைச் சமநிலையும் பார்க்க வேண்டும், விலை பேனலுக்குச் சமமாக நிற்கும். எங்களுடையது இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. ஓவர்ஹால் முடிந்த இன்ஜினில் போன மாதத்தோடு 310 மணி நேரம் ஆகிவிட்டது, ஃபில்டர் சுத்தமாக வருகிறது.